பூட்டும் கடவுச்சொல்லும்

திண்டுக்கல் நகரின் பழைய பகுதிகளுள் ஒன்று பேகம்பூர். ஐதர் அலியின் உடன்பிறந்தாளாகிய அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அது வழங்குகிறது. அங்குக் கடை நடத்தும் வணிகர், இரவில் கதவைப் பூட்டியதும் பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே வீடு திரும்புவர். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இவ்வழக்கம் வியப்பன்று.

கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனுள் லீவர் எனப்படும் தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் விலகும். ஒரு தகடு சற்றே மிகினும் குறையினும் பூட்டு திறவாது. அப்பற்களைத் தொழிலாளர் அரத்தால் அராவி, பூட்டுக்குப் பூட்டு வேறாக அமைப்பர். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி செய்து விற்றால் வாங்குவார் யார்?

ஆனால் கடைச் சுவரில் மாட்டப்படும் கண்காணிப்புக் கேமராவை வாங்குவோர் இவ்வாறு வினவுவதில்லை. அத்தகைய கருவிகள் பல, ஆலையிலிருந்து வரும்பொழுதே ஒரு கடவுச்சொல்லோடு வந்தன. அவ்வகைக் கருவி அனைத்திற்கும் அச்சொல்லே பொது. தயாரிப்போர் முன்கூட்டியே இவ்வாறு அமைத்து அனுப்புவது முன்னமைப்பு எனப்படும். 2016இல் மிராய் என்னும் தீய நிரல் இணையத்தில் உலவிற்று. பெருஞ்சூழ்ச்சி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஏறத்தாழ 60 முன்னமைப்புக் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்த்தே, இலட்சக்கணக்கான கேமராக்களையும் பிற இணையக் கருவிகளையும் அது வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், வசப்பட்ட கருவிகள் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கவே, ட்விட்டர் முதலிய தளங்கள் பலருக்குக் கிட்டாமற் போயின. தம் கேமரா அத்தாக்குதலில் பங்கேற்றதை அதன் உரிமையாளர் அறிந்திலர்.

இதுகொண்டு முன்னமைப்பு யாவும் தீது எனல் பொருந்தாது. வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுத்துக் கணினியைக் காக்கும் மென்பொருள் தீயரண் எனப்படும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது இருந்தும், இயங்காத நிலையில் வைக்கப்பட்டிருந்தது. பலர் அது இருப்பதையே அறியார். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழுநிரல் பரவி எண்ணற்ற கணினிகளை நிலைகுலைத்தது. மறு ஆண்டு வந்த திருத்தப் பதிப்பில், மைக்ரோசாஃப்ட் தீயரணைத் தொடக்கத்திலேயே இயங்குமாறு அமைத்தது. அதன்பின் ஏதும் அறியாதவரும் காவல் பெற்றனர்.

அமைப்பை விருப்பப்படி மாற்றுவோரிலும் இருவகையினர் உளர். கடவுச்சொல்லை மாற்றுபவர் சாவியைத் தமக்கே உரியதாக்குகின்றனர். விளையாட்டு ஒன்று இயங்கவில்லை எனத் தீயரணை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்க மறப்பவரோ, பூட்டு இறுக்கமாயிருக்கிறதென்று அதன் தகடுகளைக் கழற்றுபவரை ஒப்பர். இரண்டாம் வகையினரே மிகுதி போலும்!

திண்டுக்கல் பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள முறையைக் கலிபோர்னியா 2020 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும் சட்டமாக்கின. இணையக் கருவி ஒவ்வொன்றும் தனிக் கடவுச்சொல் பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல், வாங்கியவர் தமக்கென ஒன்றை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.