அடுப்பை அணைப்பதற்கு முன்

தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், விடியற்காலை மூன்றரை மணிக்கே இட்லிக் குண்டானிலிருந்து ஆவி கிளம்பிவிடும். ஆறு மணிக்குள் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறும். ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டே ஆட்கள் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கிளம்புவார்கள். ஆனால் அந்த இட்லியின் வேலை முதல் நாள் மதியமே, அரிசி ஊறப்போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நான் போயிருந்த நேரத்தில் அந்த வீட்டு அக்கா, உள்ளே வரிவரியாகக் கீறிய அரிக்கஞ்சட்டியில் அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சாய்த்துச் சாய்த்து அரித்துக்கொண்டிருந்தார். கல் அடியில் தங்கிவிடும்; அரிசி மட்டும் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். “கல்லு உள்ள போச்சுன்னா கிரைண்டருக்கும் கேடு, திங்கிறவங்க பல்லுக்கும் கேடு” என்றார்.

அரித்தபடியே என்னிடம் ஒன்று கேட்டார். “தம்பி, ஒரு பேப்பர படிக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம்னு வைங்க. அதுக்கப்புறம் நமக்கு உரிமையே இல்லேன்னு ஆயிடுமா?”

தாராவியில் இது வெறும் சந்தேகமாகக் கேட்கிற கேள்வி இல்லை. மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதை வைத்து, தாராவிக்குள்ளேயே வீடா, வெளியே வேறெங்காவதா என்று பிரிகிறது. ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் பிளாஸ்டிக் உறைக்குள் அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அக்காவின் கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. அதை இதே ஊரின் நடைபாதையில் வாழ்ந்த தமிழர்களின் வழக்கிலும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்குக்குப் போகும் முன் சமையற்கட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம்.

அடிப்படை உரிமைகள் என்றதும் இலையில் வரிசையாகப் பரிமாறப்படும் பதார்த்தங்கள்தான் நம் மனத்தில் வருகின்றன: சமத்துவம், பேச்சுரிமை, மத உரிமை. அரசியலமைப்பின் மூன்றாம் பாகத்தைப் பிரித்து அதன் வாசகத்தைப் பாருங்கள். 14ஆவது பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தை எவருக்கும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது. 15ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்து அரசு வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது. 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நெறிமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறிக்கக் கூடாது என்கிறது. “எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு” என்று நம்மைப் பார்த்துப் பேசும் 19ஆவது பிரிவு போன்றவையும் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி சமைப்பவருக்குச் சமையற்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டிய கட்டளை. சாப்பிட வருபவர் யார் என்றுகூட 14உம் 21உம் கேட்பதில்லை. “எவரும்” என்றால் குடிமகன் அல்லாதவரும்தான்.

சமைப்பவர் யார் என்பதை 12ஆவது பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றம், சட்டமன்றங்கள், மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள். மும்பையில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் அரசு பெரும்பாலும் மாநகராட்சிதான். அதுவும் இந்தக் கட்டளைக்குள் அடங்கும். கோலிக்கு, அதாவது வாடகை அறைக்கு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஏமாற்றும் தனியார் இதில் வரமாட்டார். அவருக்கு வேறு சட்டம், வேறு நீதிமன்றம்.

சாப்பிட வருபவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் கட்டளைகளும் உண்டு. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அப்படிப்பட்டது. 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் கடை, உணவகம், கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மாட்டுங்கா மெஸ்ஸில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று இன்று நாம் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் அந்த வரிக்கும் பங்கு உண்டு. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கரின் வீடு ராஜகிருகம், மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மறுக்கப்படுவது என்ன என்பது அவருக்குச் சொந்த வாழ்வில் தெரியும்.

இப்போது கல் அரிப்பதற்கு வருவோம். 13ஆவது பிரிவுதான் அரிக்கஞ்சட்டி. பழைய சட்டமோ புதிய சட்டமோ, அடிப்படை உரிமையோடு மோதினால் மோதுகிற அளவுக்குச் செல்லாது. அந்த “மோதுகிற அளவுக்கு” என்ற சொற்றொடரை நான் மிகவும் மதிக்கிறேன். கல் இருந்தால் கல்லை எறிய வேண்டும், அரிசியை எறிய வேண்டியதில்லை. குடியரசு பிறந்த நான்காவது மாதமே இதற்குச் சோதனை வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில், 1950 மே 19 அன்று, தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவை மட்டும் உச்ச நீதிமன்றம் எடுத்தெறிந்தது. காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லத் தடை விதித்த பிரிவு அது. மீதிச் சட்டம் நின்றது. கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

அடுத்த வாரமே வேறு விதமான அரிசி வந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாதென்று சென்னை அரசு தடை போட்டிருந்தது. அதற்கு அதிகாரம் தந்த விதியில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கவே முடியாது என்று கண்ட நீதிமன்றம், மே 26 அன்று அந்த விதி முழுவதையும் செல்லாது என்றது. சிக்கு வாடை ஏறிய அரிசியில் மணி மணியாக எதைப் பொறுக்குவது?

அரசு சும்மா இருக்கவில்லை. 1951இல் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்தது. ஆனால் கூடவே “நியாயமான” என்ற சொல்லும் அந்த உட்பிரிவுக்குள் வந்தது. கட்டுப்பாடு என்பது மாவில் போடும் உப்பு. உப்பே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அளவு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை, பேச்சுரிமையிலும் அன்றிலிருந்து நீதிபதிகளுக்கு வந்து சேர்ந்தது. தெருவில் இட்லி விற்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. தெரு வியாபாரமும் 19ஆவது பிரிவு காக்கும் தொழிலுரிமையே, நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பானது. 2014இல் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது.

இனி 1981 ஜூலைக்கு வருவோம். பம்பாயில் மழை கொட்டுகிற மாதம். ஜூலை 13 அன்று முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு செய்தார்: நடைபாதையில் வசிக்கும் எல்லோரும் அப்புறப்படுத்தப்படுவார்கள், அவரவர் ஊருக்கோ பம்பாய்க்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள்.

அப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். ஊரில் நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவுச் சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போர்த்திய ஒரு மறைப்புக்கு, அந்த இடத்து தாதா அவரிடம் பிடுங்கிய தொகை 2,500 ரூபாய். கிட்டத்தட்ட 109 நாள் கூலி. ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் அதை இடித்தார்கள். குடும்பத்தோடு சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸும் நடைபாதைவாசிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். விலே பார்லே கிழக்கில் காமராஜ் நகர் என்று பெயர் வைத்துக் குடியிருந்தவர்களின் வழக்கும் கூடச் சேர்ந்தது. சட்டப் புத்தகங்களில் அது வையாபுரி குப்புசாமி எதிர் மகாராஷ்டிர அரசு. தமிழர் இல்லாமல் இந்த வழக்கின் தலைப்பைக்கூட எழுத முடியாது.

மனுதாரர்களுக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. உயர் நீதிமன்றத்தில் அவர்கள் தரப்பில் ஏற்கெனவே ஒரு வார்த்தை கொடுத்தாகிவிட்டது: நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கோரவில்லை, 1981 அக்டோபர் 15க்குப் பிறகு இடிப்பதைத் தடுக்கவும் மாட்டோம். கொடுத்த வார்த்தையை மீறி இப்போது உரிமை பேசலாமா என்று எதிர்த் தரப்பு கேட்டது. அக்கா என்னிடம் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான்.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜனும் ஒருவர், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி. அரசியலமைப்புக்கு எதிராக யாருடைய வாக்குறுதியும் நிற்காது. அடிப்படை உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கவே முடியாது என்பது அவர்களின் பதில். காரணத்தைச் சமையற்கட்டில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஒரே உலை, ஆயிரம் பேர் சாப்பாடு. “எனக்குக் கல் இருந்தாலும் பரவாயில்லை” என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததால் சமைப்பவர் அரிக்காமல் அரிசி போட முடியுமா? கட்டளை சாப்பிடுபவரின் கையில் இல்லை, சமையற்கட்டுச் சுவரில் இருக்கிறது. பசியிலும் பயத்திலும் இருப்பவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததால் உரிமை போய்விடும் என்றால், அது யாருக்குத் தேவையோ அவர்களிடம்தான் முதலில் பறிபோகும்.

தீர்ப்பின் அடுத்த பகுதி இன்னும் ஆழமானது. 21ஆவது பிரிவில் “உயிர்” என்றுதான் இருக்கிறது. “பிழைப்பு” என்ற சொல் இல்லை. அடுப்பையும் விறகையும் எடுத்துக்கொண்டு, “உன் அரிசியை நான் தொடவில்லையே” என்று சொல்லலாமா? பிழைக்கும் வழியைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகவே ஆகும், ஆகையால் பிழைப்புரிமையும் உயிருரிமைக்குள் அடக்கம் என்றார்கள். இந்த மனிதர்கள் நடைபாதையில் கிடப்பது விரும்பி இல்லை. வேலை பக்கத்தில் இருப்பதால்தான்.

தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போட்டுத் தன் விடுதலையைக் கேட்க முடியாது என்று சொன்ன நான்கு நீதிபதிகளில் அவரும் ஒருவர். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா மட்டும். பிறகு 44ஆவது திருத்தம், நெருக்கடிநிலையிலும் 20, 21ஆவது பிரிவுகளைச் செயலிழக்கச் செய்ய முடியாதபடி ஆக்கியது. மேனகா காந்தி வழக்கு 1978இல் “நெறிமுறை” என்றால் நியாயமான நெறிமுறை என்று விளக்கியது. சந்திரசூட்டின் பேனா 1976இலிருந்து 1985க்கு நகர்ந்தது இந்தப் படிகளில்தான்.

ஆனால் நடைபாதைவாசிகள் நடைபாதையை வெல்லவில்லை. இதை மறைத்துவிட்டு இந்த வழக்கைப் பெருமையாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னறிவிப்பு இல்லாமலே அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தரும் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆவது பிரிவு செல்லும் என்றே தீர்ப்பானது. ஆனால் “அகற்றலாம்” என்பது “சொல்லாமல்தான் அகற்ற வேண்டும்” ஆகாது. நோட்டீஸ் கொடுத்து, அங்கே குடியிருப்பவர் சொல்வதைக் கேட்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அவர் என்ன சொன்னாலும் முடிவு மாறப்போவதில்லை, பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. உலையில் அரிசி போட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்பை அணைக்கக் கூடாது. 1976 கணக்கெடுப்பில் பதிந்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும், மழை முடிந்து ஒரு மாதம் கழியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, யாரையும் அகற்றக் கூடாது என்பவையும் ஆணையில் இருந்தன.

சமையற்கட்டுக்குள் நுழைந்து கேட்க இரண்டு கதவுகள் உண்டு. 32ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு நேராகத் திறக்கும். அதை அரசியலமைப்பின் இதயமாகவும் ஆன்மாவாகவும் அம்பேத்கர் கருதினார். 226ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு. தாராவிக்காரருக்கு நடைமுறையில் அருகே இருப்பது இரண்டாவதுதான். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. அக்காவுக்கு இது தெரியாது. சொன்னதும் அரிக்கஞ்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம், போடுவதன் நகலைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். வீட்டையோ கடையையோ பற்றிய ஒப்பந்தங்கள் நம்மைக் கட்டுப்படுத்தத்தான் செய்யும். விட்டுக்கொடுக்க முடியாதது, அரசு நம்மை நடத்த வேண்டிய முறை. அந்த வித்தியாசத்தை அவர் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டார். நான் அடிக்கடி குழப்பிக்கொண்ட இடம் அது.

மறுநாள் விடியற்காலையில் மறுபடி போனேன். மாவு பொங்கி நின்றது. அக்கா தட்டுகளில் ஊற்றிக்கொண்டே, “அந்த சேலத்துக்காரர் அப்புறம் என்ன ஆனாரு?” என்றார்.

மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட, வேலை தேடி அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பினார், மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது என்றேன்.

“வராம என்ன செய்வாரு? வேலை இங்கதானே இருக்கு” என்று சொல்லிவிட்டு, தட்டுகளைக் குண்டானுக்குள் இறக்கி மூடினார்.