கச்சான் காற்றில் வாடாத கரட்

ஆடி பிறந்தால் ஊவா மலைகளில் கச்சான் காற்று வீசும். அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது. குசினிக் கூடையில் கிடக்கும் கரட்டையோ அதே காற்று மூன்று நான்கு நாளில் துவள வைத்துவிடும்.

எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் பல குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் மரக்கறி வாங்குகின்றன. வாங்கியது அடுத்த சந்தை வரை தாங்க வேண்டும். கரட் விளையும் வெலிமடை பக்கத்தில் இருந்தும், 2024 ஜனவரியில் கிலோ 2,000 ரூபாய் வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. அந்த விலையில் ஒரு கரட் வாடிக் கெட்டாலும் பிள்ளையின் ஒரு வேளைச் சத்து வீணாகிறது.

ஏன் வாடுகிறது?

கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர். பிடுங்கிய பின்னும் அது மூச்சு விடுகிறது, தோல் வழியே நீரை இழக்கிறது. அதற்கு வேண்டியது குளிர்ச்சியும் ஈரக்காற்றும். பூச்சிய பாகைக்குச் சற்று மேலான குளிரும் நல்ல ஈரப்பதமும் கிடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டில் அந்த அளவுக்கு முடியாது. ஆனாலும் நீர் இழப்பைத் தடுக்க நம்மால் முடியும்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

இலையோடு வாங்கினால் உடனே இலையை வெட்டிவிடுங்கள். அது கிழங்கின் நீரை உறிஞ்சும். வெடித்தது, அடிபட்டது எதுவோ அதை முதல் நாளே சமையுங்கள். மண்ணோடு வாங்கியதைக் கழுவாமல் வையுங்கள். கழுவி விற்ற கரட் என்றால் மேல் ஈரம் போகும்வரை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காட்ட வேண்டாம்.

பிரிஜ் இல்லாத வீட்டில்

ஒரு பெட்டியில் சுத்தமான ஆற்று மணலைப் பரப்புங்கள். மணலைக் கையில் பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. கரட்டுகளை ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மேலே மணலால் மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொரு வழி பானைக்குள் பானை. நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1990களில் தம் ஊர் ஏழைகளிடையே பரப்பிய முறை இது. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை இறக்கி, இடையில் மணல் நிரப்பி, நீர் ஊற்றி, ஈரத்துணியால் மூட வேண்டும். காற்றுப் படும் நிழலில் வைத்தால், வெளிப்பானையின் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். கரட்டை வாட்டும் கச்சான் காற்றே அதைக் காக்கவும் செய்யும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் இது அவ்வளவு பயன் தராது. அப்போது பூஞ்சணம்தான் எதிரி. தினமும் பார்த்து, கெட்டதை எடுத்துவிடுங்கள்.

உரம், பூச்சி மருந்து வந்த பைகளையும் வாளிகளையும் எவ்வளவு கழுவினாலும் உணவு வைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

பிரிஜ் இருந்தால்

துணியில் சுற்றி, துளையிட்ட பொலித்தீன் பையில் இட்டு, அடித்தட்டில் வையுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள். இப்படி மூன்று நான்கு வாரம் தாங்கும். வெட்டிய துண்டுகளை நீரில் மூழ்க வைத்து, தினமும் நீரை மாற்றி, சில நாளில் முடித்துவிடுங்கள்.

வாழைப்பழம், அவகாடோ போன்ற பழுக்கும் பழங்களின் பக்கத்தில் கரட்டை வைக்க வேண்டாம். அவை விடும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்க வைக்கும்.

உண்ணலாமா, எறியலாமா?

துவண்டது கெட்டதல்ல, அரைமணி நேரம் குளிர்நீரில் போட்டால் பெரும்பாலும் நிமிரும். தோலில் வெள்ளை படிந்தால் அது வெறும் வறட்சி. தலைப்பகுதி பச்சையாகி இருந்தால் கசக்கும். அதை வெட்டிவிட்டால் போதும். ஆனால் வழுவழுப்பு, துர்நாற்றம், பூஞ்சணம் இருந்தால் தயங்காமல் எறியுங்கள்.

சத்து உடம்பில் சேர

கரட்டின் பீட்டா கரோட்டினை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றுகிறது. அந்த விற்றமின் குறைந்தால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரலாம், நோய் எதிர்ப்பும் தளரும். கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். நம் பால்கறியிலும் தேங்காய்ப்பூ சேர்த்த கரட் சம்பலிலும் அது தானாகவே கிடைக்கிறது.

சந்தை நாளன்று எல்லா வீட்டிலும் மரக்கறி இருக்கும். அடுத்த சந்தைக்கு முந்திய இரவிலும் பிள்ளையின் கோப்பையில் இரண்டு துண்டு கரட் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி ஈரமணல் போதும்.