காசு வருமுன் கையெழுத்தா?

கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் காட்டேஜ், தங்கும் விடுதி என்று வேலை எடுக்கும் மேஸ்திரிகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கடைசி பில் நிலுவையில் நிற்கும். "பாக்கி ஏதுமில்லைன்னு எழுதிக் கொடுங்க மேஸ்திரி, செக் தர்றேன்" என்பார் உரிமையாளர். இவரும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். செக் வராது, வந்தாலும் பாதித் தொகைக்கு வரும். அப்புறம்தான் சாவியைத் தரமாட்டேன் என்று கட்டடத்தைப் பூட்டுவது.

பூட்டாதீர்கள். அமெரிக்காவில் கூலி பாக்கிக்காகக் கட்டடத்தின் மீதே உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். நம் சட்டத்தில் அது இல்லை. பூட்டினால் புகார் உங்கள் மேல்தான் வரும்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு தருவது, கையிலிருக்கும் பொருளை நிறுத்திவைக்கும் உரிமை மட்டும். உரிமையாளர் கொடுத்த தேக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கதவு செய்த ஆசாரி, கூலி வரும்வரை அதைத் தராமலிருக்கலாம். கூலிக்குத் தவணை பேசியிருந்தால் அதுவும் முடியாது. நிறுத்திவைக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாலும் முடியாது. கதவை நிலையில் மாட்டிவிட்டாலோ பேச்சே இல்லை. சிமென்ட், கம்பி கடைக்காரருக்கும் இதே கதிதான். சரக்கை மலையேற்றி வாங்கியவர் வசம் இறக்கிவிட்டால் பிடிமானம் போய்விடும்.

பாக்கியில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. குஜராத் அரசுக்கு எதிரான கலாதியா நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது இது: ‘பாக்கியில்லை’ சான்று கொடுத்ததாலேயே நியாயமான கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மனமொத்துத்தான் கணக்கை முடித்தீர்கள் என்றால் கதை அவ்வளவுதான். நெருக்கடியில் எழுதினேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே அன்றே, அல்லது மறுநாளே, எந்தச் சூழ்நிலையில் கையெழுத்திட்டீர்கள், எவ்வளவு பாக்கி என்று உரிமையாளருக்கு எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அளவுக் குறிப்பில் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கட்டும். பணம் வாங்கும்போது ரசீதில் எழுத வேண்டியது: இந்தத் தேதி, இந்தச் செக் எண், இவ்வளவு ரூபாய், மீதி இவ்வளவு நிலுவை. "முழுத் தொகையும் பெற்றேன்" என்று எழுதுவது, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு. ஏறிய பிறகு!

செக் திரும்பினால் வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது உரிமையாளருக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் புகார். புகார் கொடுப்பதில் நாள் தப்பினால் மாஜிஸ்ட்ரேட்டிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் போவது காவல் நிலையத்துக்கு. அங்கே புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து "சிவில் கேஸ், பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். அந்தக் காகிதத்தை நம்பி வருஷக்கணக்கில் அலைகிறார்கள். பணம் தரும் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் வழக்குப் போடக் கெடு. போலீஸ் புகார் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. உரிமையாளர் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் புதுக் கணக்கு தொடங்கும்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் கொடைக்கானல் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. லோக் அதாலத்தில் கட்டணமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அதனால் அங்கே கையெழுத்திடுமுன்னும் தொகை, தேதி இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.