முதல் வியாழன், உம்மு குல்தூம்

மொராக்கோக்காரர் ஒருவரும் இராக்கியர் ஒருவரும் அவரவர் வீட்டில் பேசும் அரபியிலேயே பேசிக்கொண்டால், பல இடங்களில் புரியாமல் விழிப்பார்கள். ஆனால் இருவரும் படிக்கும் செய்தித்தாளின் அரபி ஒன்றுதான். ஃபுஸ்ஹா எனப்படும் அந்தச் செந்நடை, குர்ஆனின் மொழியை அடியொற்றியது. அது எவருக்கும் வீட்டுப்பேச்சு அல்ல, பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறார்கள். வாயில் புழங்குவது ஆம்மியா, அது ஊருக்கு ஊர் மாறும்.

1973இல் அரபி ஐ.நா.வின் அலுவல்மொழியானது. பெருமைதான். ஆனால் சாமானியர் காதில் செந்நடையைக் கொண்டுசேர்த்தவர்களில் கெய்ரோ வானொலியின் பாடகி ஒருவருக்குத் தனி இடம் உண்டு.

உம்மு குல்தூம் நைல் டெல்டா கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகள். பெண்பிள்ளை சபையில் பாடுவதை ஊர் ஏற்காத காலம். அப்பா அவருக்கு ஆண்பிள்ளை உடை போட்டுக் கல்யாண வீடுகளுக்குப் பாட அழைத்துப்போனார். சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு அது. அடித்தொண்டையிலிருந்து எழும் ‘ஐன்’ எழுத்துகூட அவர் பாட்டில் மழுங்காமல் விழும்.

1934இல் எகிப்து அரசு வானொலி தொடங்கியபோதே அதில் பாடியவர். பின்னாளில் மாதத்தின் முதல் வியாழன் இரவு என்றால் அவருடைய கச்சேரி நேரடி ஒலிபரப்பு. அரபு நாடுகளெங்கும் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒரே பாட்டு ஒரு மணி நேரம் நீளும். கூட்டம் ஆர்ப்பரித்துக் கேட்கக் கேட்க, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், ஒவ்வொரு முறையும் வேறு சங்கதியோடு. கர்நாடகக் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

1964இல் வந்த ‘இன்த்த உம்ரி’ எகிப்தியப் பேச்சுமொழிப் பாட்டு. 1966இன் ‘அல் அத்லால்’, மருத்துவரான கவிஞர் இப்ராகிம் நாஜியின் செந்நடைக் கவிதை. இசை ரியாத் அல் சுன்பாத்தி. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதை முணுமுணுத்தார்கள். 1988இல் நோபல் பெற்ற நகீப் மஹ்ஃபூஸின் நாவல்களில் சந்துக் கடைக்காரர்கூடச் செந்நடையில்தான் பேசுவார். எனக்கென்னவோ, செந்நடை, பேச்சுமொழி இரண்டையும் கையாண்ட பாடகிதான் கெட்டிக்காரர் என்று படுகிறது.

1975 பிப்ரவரியில் அவர் இறந்தபோது கெய்ரோ வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். ‘அல் அத்லால்’ யூடியூபில் இருக்கிறது. அரபி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டுப்பாருங்கள்.