எட்டோ, ஒன்பதோ, பத்தோ?

பிரெஞ்சு மொழி கற்கப் புகுவோரை முதலில் மலைக்க வைப்பவை அதன் நெடுஞ்சொற்களே. அவற்றுட் பேர்பெற்றது, ‘அரசியல் யாப்புக்கு முரணான முறையில்’ எனப் பொருள்படும் 25 எழுத்துச் சொல்லொன்று. முறையறிந்து பிரித்தால் அதுவும் நாவுக்கு எளியதே:

ஆன் – தி – கோன்ஸ் – தி – த்யு – ஸியொ – நெல் – மான்.

ஆக, 8 அசைகள். இங்கு அசையென்பது நம் நேரும் நிரையுமன்று. ஓர் உயிரொலியைச் சார்ந்தெழும் ஒலித்தொகுதியாகும். ஈருயிர்க்கு இடையில் நிற்கும் தனிமெய் பின்வரும் உயிரோடு சேரும். இரு மெய்கள் வரின் பெரும்பாலும் முன்னசைக்கு ஒன்றும் பின்னசைக்கு ஒன்றுமாகப் பிரியும். வல்லொலியை அடுத்து லகரமோ ரகரமோ வரின் இரண்டும் பிரியாது பின்னே செல்லும். ஆன், கோன், மான் என்பவற்றில் னகரத்தை அழுத்தி ஒலித்தலாகாது. உயிரொலியே மூக்கின் வழியாக வெளிவரும். அழுத்தம் இறுதியசைக்கு உரியது.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. எழுத்தில் ‘நெல்’லுக்கும் ‘மா’னுக்கும் இடையே ஓர் எகரம் மறைந்து நிற்கிறது. பாரிஸ் நகரப் பேச்சில் அது ஒலிப்பதில்லை. தென்பிரான்சில் அதனை மெல்ல ஒலிக்கும் வழக்கு உண்டு. அங்கே அசைகள் 9. பழைய செய்யுள் மரபோ அவ்வெகரத்தை எண்ணுவதோடு, ‘ஸியொ’வையும் ‘ஸி – ஒ’ என விரித்துக் கொள்ளும், அப்போது 10.

இது வீண் கணக்கன்று. 1677இல் அரங்கேறிய ரசீனின் ‘பேத்ர்’ நாடகம் 12 அசையடிகளால் இயன்றது. அவ்வடிகளில் மெய்யின் முன்வரும் எகரம் எண்ணப்படும். நம் குற்றியலுகரம்போல உயிரின் முன் கெடும். அடியிறுதியிற் கணக்கிற் சேராது. இன்றைய பேச்சோசையில் அவ்வடிகளைப் படித்தால் 12 என்பது 11 ஆகவும் 10 ஆகவும் சுருங்கும். தாளில் ஓரெழுத்தும் குறைந்திராது. செவியிற் பாட்டுக் குறைந்துவிடும்.

நம் நெடுஞ்சொல்லுக்கு அந்த அடியில் இடமுண்டா? அடியின் நடுவே, 6ஆம் அசையில், ஒரு சொல் முடிந்து ஓசை நிற்றல் வேண்டும். 10 அசைச் சொல்லை எங்கு வைத்தாலும் அது அந்நிறுத்தத்தைத் தாண்டியே கிடக்கும். ஆகவே அரசியல் யாப்பைப் பேசும் அச்சொல், செய்யுள் யாப்புக்கு முரணாகாமல் அவ்வடிக்குள் நுழைதல் இயலாது. எழுத்தை எண்ணிச் சொல்லின் நீளத்தைக் கணிப்போர் இதனை அறியார். செவியால் எண்ணுவோரே அறிவர்.