ஓய்வு நேரத்தின் விளைச்சல்

பகலெல்லாம் அலுவலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணியாற்றிய நிரலாளர், வீடு திரும்பி உணவருந்திய கையோடு மீண்டும் இன்னொரு கணிப்பொறியின் முன்னால் போய் அமர்கிறார். வீட்டிலுள்ளோர் அதனைக் கண்டு வியப்பதுண்டு, வருந்துவதும் உண்டு. "இன்னும் என்ன வேலை?" என்று கேட்டால், "வேலை ஒன்றுமில்லை, சும்மாதான்" என்று விடை வரும். அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமலேயே அதனைப் புகழ்வதும் பழிப்பதும் முறையாகாது. உலகறிந்த சிலருடைய ஓய்வு நேரங்களைச் சற்றே நோக்குவோம்.

ஹெல்சின்கி மாணவர்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். தாம் வாங்கிய சிறு கணிப்பொறியின் முன் பேரனை அமர்த்தி, தாம் எழுதிய நிரல்களை அவனைக்கொண்டு அச்சடிக்கச் செய்வாராம். முதியவர் ஒருவர் தம் ஆர்வத்தில் சிறுவனுக்கும் ஓர் இடம் கொடுத்தார். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கிற்று.

1991ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவராயிருந்த டோர்வால்ட்ஸ் புதிய கணிப்பொறி ஒன்றை வாங்கினார். வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகக் கணிப்பொறியுடன் தொடர்பு கொள்வதற்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். பிறகு, பெற்ற செய்திகளைச் சேமித்து வைக்கும் வசதி தேவைப்பட்டது, அதையும் எழுதினார். இவ்வாறு தேவைக்கு மேல் தேவையாக வளர்ந்த அந்நிரல், ஒரு கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கிணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளாகவே உருவெடுத்தது. அதுதான் லினக்ஸ்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், தாம் செய்துவரும் பணியைப் பற்றிப் பிறருக்கு அவர் அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கே என்றும், பெரிதாக வளரப்போவதில்லை என்றும் அடக்கத்துடன் குறிப்பிட்டிருந்தார். முதலில் வெளிவந்தபோது அது சுமார் 10,000 வரிகளே கொண்டிருந்தது. 1992ஆம் ஆண்டு, எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்னும் உரிமத்தின்கீழ் அதனை அவர் கொண்டுவந்தார். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தத்தம் ஓய்வு நேரத்தை அதில் சேர்த்தனர். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளம் லினக்ஸே. உலகின் மிக ஆற்றல் வாய்ந்த 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017ஆம் ஆண்டு முதல் லினக்ஸைக் கொண்டே இயங்குகின்றன.

விடுமுறையில் பிறந்த மொழி

1989ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய குயிடோ வான் ரோசம் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. அலுவலகம் பூட்டிக் கிடக்கும். வீட்டிலோ கணிப்பொறி உண்டு. பொழுதைப் பயனுள்ளதாக்க எண்ணி, புதியதொரு நிரல்மொழியை அமைக்கத் தொடங்கினார். தாம் விரும்பிப் பார்த்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்து, அதற்குப் 'பைத்தான்' என்று பெயரிட்டார். பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1991ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அம்மொழி, இன்று பள்ளி மாணவர்கள் முதற்பாடமாகப் பயில்வதற்கும் விஞ்ஞானிகள் ஆய்வுகளுக்குப் பயன்படுத்துவதற்கும் உரியதாக விளங்குகிறது. ஒரு விடுமுறையில் ஊன்றிய விதை அது.

அதிகம் அறியப்படாத படங்கள்

திரைப்படம் என்றதுமே முகஞ்சுளிப்போர் நம்மில் உண்டு. எனினும் நிரலாளர் பலருடைய ஆர்வம், ஆரவாரமான படங்களை விட்டு விலகி, அதிகம் அறியப்படாத படங்களின்பால் செல்கிறது. அப்படம் எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிய விழைவதே அதற்கு ஒரு காரணம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசெண்டால் 1994ஆம் ஆண்டு 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். கணிப்பொறியில் உருவங்களைப் படைத்து அசையச் செய்வது அது. அதனை விற்றுவந்த நிறுவனம் 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. மென்பொருளும் அதனுடன் மறைந்திருக்கும். ஆனால் 1,00,000 யூரோ கொடுத்தால் அதனைப் பொதுவுடைமையாக்கலாம் என்று முதலீட்டாளர்கள் இசைந்தனர். அதனை விரும்பிப் பயன்படுத்தியவர்கள் ஏழே வாரங்களில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டனர்!

2006ஆம் ஆண்டு, அம்மென்பொருளின் திறனைக் காட்டவும் மேம்படுத்தவும் 'எலிஃபண்ட்ஸ் டிரீம்' என்னும் சுமார் 11 நிமிடக் குறும்படம் எடுக்கப்பட்டது. படத்தை மட்டுமின்றி, அதனை உருவாக்கிய மூலக் கோப்புகளையும் எவரும் எடுத்துப் பயிலுமாறு வழங்கினார்கள். சமைத்த உணவோடு செய்முறையையும் கொடுப்பது போன்றது இது.

அவ்வழியில் வந்த பயனைப் பாருங்கள். லாட்வியா என்னும் சிறு நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர் 2019ஆம் ஆண்டு 'அவே' என்னும் முழுநீள அசைவூட்டப் படத்தைத் தனியொருவராகவே செய்து முடித்தார். அடுத்துச் சிறு குழுவொன்றுடன் சேர்ந்து, பிளெண்டரைக் கொண்டு 'ஃப்ளோ' என்னும் படத்தை உருவாக்கினார். பெருவெள்ளத்தில் ஒரே படகில் அகப்பட்ட பூனையும் நாயும் பிற உயிரினங்களும் ஒன்றையொன்று சகித்து வாழக் கற்பதே கதை. படம் முழுவதிலும் ஒரு சொல் உரையாடலும் இல்லை. 2025ஆம் ஆண்டு சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் பரிசை அது பெற்றது. லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அது.

ஆர்வம் சுமையாகும்போது

மீண்டும் டோர்வால்ட்ஸிடம் வருவோம். பொழுதுபோக்காகத் தொடங்கியதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. தொழிலாகிவிட்ட பொழுதுபோக்கு ஓய்வு தருவதில்லை. ஆகவே அவருக்கு இன்னொன்று தேவைப்பட்டது. கடலில் மூழ்கி நீந்துவதில் ஈடுபட்டார். எவ்வளவு ஆழம் சென்றோம், எவ்வளவு நேரம் இருந்தோம் என்று குறித்து வைக்கத் தக்க மென்பொருள் கிடைக்காததால், 2011ஆம் ஆண்டு 'சப்சர்ஃபேஸ்' என்பதைத் தாமே எழுதினார். பின்னர் அதன் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தார்.

எனினும் அவருடைய வாழ்வில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. உடன் பணியாற்றுவோரின் தவறுகளை மிகக் கடுமையான சொற்களால் கண்டிப்பது அவருடைய வழக்கம். அச்சொற்கள் பலரைப் புண்படுத்தின. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, தம்மைத் திருத்திக்கொள்வதற்காகச் சில வாரங்கள் பணியிலிருந்தே விலகி நின்றார். எந்திரத்தோடு நெடுநேரம் பழகுவோர் மனிதரோடு பழகும் பக்குவத்தை இழந்துவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீட்டார் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் நாம் அறிவது யாது? கணிப்பொறியின் முன் அமரும் எல்லா இளைஞரும் லினக்ஸைப் படைத்துவிடப் போவதில்லை. எத்தனையோ இரவுகள் வீணாகவும் கழியக்கூடும். ஆயினும், எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதை மட்டும் கொண்டு ஒருவருடைய ஓய்வை அளந்துவிட முடியாது. அந்நேரத்தில் அவர் ஏதேனும் ஒன்றை ஆக்குகிறாரா, அது பிறர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதே அளவுகோல்.

இதனை அறிய ஓர் எளிய வழி உண்டு. "எப்போது எழுந்திருப்பாய்?" என்று கேட்பதை நிறுத்தி, "என்ன செய்கிறாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். அருகில் ஓர் இருக்கையைப் போட்டு அமருங்கள். ஆக்கும் வேலையில் ஈடுபட்டவராயின் மகிழ்ந்து காட்டுவார். காட்ட ஏதுமில்லையாயின், அதுவும் அவருக்கே புலப்படும். ஹெல்சின்கிப் பாட்டனார் செய்தது இவ்வளவுதான்: தம் இருக்கைக்கருகே பேரனுக்கும் இடம் கொடுத்தார்.