மடிக்கணினியை உயர்த்துவோம், கழுத்தைக் காப்போம்

நம் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கழுத்து வலி புதிதன்று. விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரையில் இறங்கி, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் உயர்ந்த வெட்டுக்கு அண்ணாந்தும் பால் மரம் வெட்டுவோருக்கு, உடல் நெடுநேரம் ஒரே நிலையில் நின்றால் வலிக்கும் என்பதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும், அதே வலி பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு வரும்போது மட்டும் நாம் வேறு காரணம் தேடுகிறோம். "படிக்கச் சொன்னால்தான் உனக்குக் கழுத்து வலிக்குமோ?" என்று கடிந்துகொள்கிறோம்; அல்லது தைலம் தேய்த்துப் படுக்கச் சொல்கிறோம்.

2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் திரை வழியாக வீட்டுக்குள் வந்தன. பள்ளிகள் திறந்த பின்னரும் மடிக்கணினி பல வீடுகளில் பாட நூலோடு பாட நூலாக இடம்பெற்றுவிட்டது. அதைக் கட்டிலிலோ தரையிலோ வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்தபடி மணிக்கணக்கில் படிக்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அவர்களின் வலிக்குச் சோம்பல் காரணமன்று. அமரும் முறையே பெரும்பாலும் காரணமாகும்.

வலி எவ்வாறு உண்டாகிறது?

நம் கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. வயது வந்தவரின் தலை சுமார் 5 கிலோ எடையுள்ளது. தலை நேராக இருக்கும்போது அந்த எடையை எலும்புகள் எளிதில் தாங்குகின்றன. தலை முன்னே சாய்ந்தாலோ, அது விழாமல் பிடித்து நிறுத்தும் வேலை பின்கழுத்துத் தசைகளின் மீது விழுகின்றது. பால் வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்தால் தூக்கி நடக்கலாம்; அதையே கையை நீட்டிப் பிடித்தால் சிறிது நேரத்திலேயே கை ஓய்ந்துவிடும் அன்றோ? கழுத்தின் நிலையும் அதுவே. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹான்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, தலை 15 பாகை சாயும்போது கழுத்தின் மீது ஏறும் பாரம் ஏறத்தாழ 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இது கணினி மாதிரியைக் கொண்டு போட்ட கணக்கு. எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்பதில்லை. எனினும், குனியக் குனியப் பாரம் கூடும் என்பது தெளிவு.

மடிக்கணினியில் ஒரு சங்கடம் உண்டு. அதன் திரையும் எழுத்து விசைகளும் ஒன்றாய்ப் பிணைந்தவை. விசைகள் கைக்கு எட்டும்படி தாழ வைத்தால் கழுத்து குனிகிறது. திரை கண்ணுக்கு நேராக உயர வைத்தால் கைகளும் தோள்களும் தூக்கிக்கொள்கின்றன. ஆகவே, தாங்கி மட்டும் வாங்கினால் வலி கழுத்திலிருந்து தோளுக்கு இடம் மாறும். தாங்கியோடு தனி விசைப்பலகையும் சுட்டியும் சேர்ந்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடைக்குச் செல்லுமுன் வீட்டில் அளவெடுக்க வேண்டும். பிள்ளையை நாற்காலியில் முதுகு சாய்ந்து நிமிர்ந்து அமரச் செய்யுங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு இருக்கட்டும். அதற்காக இருக்கையை உயர்த்தினால் கால் தொங்கக்கூடும். அப்போது பாதத்தின் கீழ் ஒரு பலகையை இடலாம். பின்னர், மேசையிலிருந்து பிள்ளையின் கண்வரை அளந்து கொள்ளுங்கள். அது 38 சென்டிமீட்டர் என்றும், திறந்து வைத்த மடிக்கணினியின் திரை உச்சி மேசையிலிருந்து 23 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். கழித்துப் பார்த்தால் 15 சென்டிமீட்டர் வரும். தாங்கி உயர்த்த வேண்டிய அளவு அதுவே. சில சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தும் சாய்வுப் பலகைகள் இதற்குப் போதமாட்டா.

வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை ஏற்றது. அகன்ற அடியும், வழுக்காதிருக்க ரப்பர் பதித்த முனைகளும், கணினி சரியாமல் தடுக்கும் முன்விளிம்பும் இருத்தல் வேண்டும். கணினியின் அடியிலுள்ள காற்றுத் துளைகளை அது மூடலாகாது.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. உறுதியான மரப்பெட்டியோ, அசையாமல் அடுக்கிய தடித்த புத்தகங்களோ அதே வேலையைச் செய்யும். தலையணையைப் பயன்படுத்த வேண்டாம். அது காற்றை அடைத்துக் கணினியைச் சூடாக்கும். மிச்சப்படும் பணத்தில் தனி விசைப்பலகை வாங்கலாம். அதற்கும் வழியில்லையெனில், பாடம் பார்க்கும்போதும் வாசிக்கும்போதும் கணினியை உயர்த்தியும், எழுதும்போது மட்டும் மேசையில் இறக்கியும் வையுங்கள். எழுதும் வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்யலாம்.

அமைக்கும் முறை

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் போதுமானது. விசைப்பலகையை முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கும்படி அருகில் வையுங்கள். சன்னல் வெளிச்சம் திரைக்குப் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணியும் பெரியவர்கள் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே காண அண்ணாந்து பார்க்க நேரிடும்.

எவ்வளவு நன்றாக அமைத்தாலும், அசையாமல் அமர்ந்திருந்தால் வலி வரவே செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நன்று. கைப்பேசியையும் மடியில் வைத்துக் குனியாமல், முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்க்கப் பழக வேண்டும்.

கை மரத்துப்போதல், கையில் வலுக்குறைதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்து அடிபட்ட பின் வலித்தல் ஆகியவை தோன்றினால் தாங்கியை நம்பியிராமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.

உயர்ந்த வெட்டுக்கு நாம் நீண்ட காம்புள்ள உளியைப் பயன்படுத்துகிறோம். மரத்தைத் தாழ்த்த இயலாது. கருவியையே உடலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிறோம். தொழிலில் நாம் கையாளும் அந்த அறிவைப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கும் கொண்டு செல்வோமாக. இன்று மாலை ஒரு கயிற்றை எடுத்து, மேசையிலிருந்து பிள்ளையின் கண்வரை அளந்து பாருங்கள்.